மூச்சைக் காவல் காப்பது யார்?

(ஆம்பூரில் தோல் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கத்தார் என்னிடம் வந்து, "ஐ.சி.யூ. என்று ஒன்று இருக்கிறதே, அதற்குள் என்னதான் நடக்கிறது என்று எங்கள் ஜனங்களுக்குச் சொல்லுங்கள், சிஸ்டர். எங்களை உள்ளே விடுவதில்லை. கதவுக்கு வெளியே துண்டை விரித்துப் படுத்துக் கிடக்கிறோம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறோம். பிழைத்தால் ஏன் பிழைத்தான் என்று தெரிவதில்லை, செத்தால் ஏன் செத்தான் என்றும் தெரிவதில்லை" என்றார்கள். நியாயமான கேள்வி. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கதவின் உள்பக்கம் நின்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் டாக்டர் அல்ல. மேடைப் பேச்சும் எனக்குப் பழக்கமில்லை. குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டேனரியில் தோலின் மயிரைப் போக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறீர்கள். பின்னால் வேறொரு கட்டத்தில் உப்பும் அமிலமும் போட்டு ஊறவைக்கிறீர்கள். இந்த இரண்டு தண்ணீரும் தனித்தனியே போனால் வம்பு குறைவு. ஒரே தொட்டியில் கலந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு கிளம்புகிறது. தொட்டியின் அடியில் மாதக்கணக்கில் கிடந்த சேற்றைக் கிளறினாலும் அது மேலே வரும். காற்றைவிடக் கனமானது, ஆகவே பள்ளத்திலேயே தங்கி நிற்கும். அழுகிய முட்டை நாற்றம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வாயு அதிகமானால் அது முதலில் மூக்கின் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடுகிறது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று மேஸ்திரி சொல்கிற அந்த நிமிஷம்தான் பெரிய அபாயமான நிமிஷமாக இருக்கலாம்!

இறங்கியவன் இரண்டு மூச்சில் சாய்கிறான். தம்பி விழுந்தானே என்று அண்ணன் குதிக்கிறான். அவனைத் தூக்க மூன்றாமவன் குதிக்கிறான். ஒரு தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று பத்திரிகையில் வருகிறதே, அதன் காரணம் இதுதான். 2025 பிப்ரவரியில் கல்கத்தாவின் தோல் தொழிற்பேட்டையில் ஆள்துளைக் குழியில் மூன்று பேர் மாண்டார்கள். நம் ராணிப்பேட்டையை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2015 ஜனவரி 31 விடியுமுன் சிட்கோ பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் படுத்துறங்கியவர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் மடிந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். அவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரியும் உதவியிருக்க முடியாது. ஆனால் விஷவாயுவில் மயங்கி விழுந்தவன் விஷயம் வேறு. இந்த வாயுவுக்கு நம்பகமான மாற்றுமருந்து கிடையாது. நல்ல காற்றுக்கு அவனை எடுத்து வந்து, பிராணவாயு கொடுத்து, நின்றுபோன மூச்சை வேறொருவர் அவனுக்காக நடத்தினால் சிலர் பிழைக்கிறார்கள்.

அவனுக்காக இன்னொருவர் மூச்சை நடத்துவது! தோழர்களே, ஐ.சி.யூ. என்பது பிறந்ததே இந்த ஒரு வேலைக்காகத்தான். அந்தக் கதையைக் கேளுங்கள்.

1952ல் டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. கால்களோடு நிற்காமல் மூச்சுத் தசைகளையும் முடக்கிய கொடிய தொற்று. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சு நடத்தும் இரும்புப் பெட்டி ஒன்றும், மார்பின்மேல் மாட்டும் கருவிகள் ஆறும் மட்டுமே இருந்தன. முதல் மூன்று வாரத்தில் இந்த யந்திரங்களில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போது ப்யோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் ஒரு யோசனை சொன்னார். தொண்டைக் குழிக்குக் கீழே துளையிட்டுக் குழாய் வைப்போம்; அதில் ஒரு ரப்பர்ப் பையை மாட்டிக் கையால் அமுக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுவோம் என்றார். ஆகஸ்ட் 27ந் தேதி, சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அதைச் செய்தார்கள். பிழைத்தாள்.

ஆனால் பையை அமுக்க ஆள்? ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள். இரவும் பகலும், வாரக்கணக்கில். நகரத்தின் மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களும் சுமார் 1,500 பேர் முறைபோட்டு வந்து படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அமுக்கினார்கள். பக்கத்தில் நர்ஸ்கள் சளியை உறிஞ்சி எடுத்து, நாடியைப் பார்த்து, புரட்டிப் படுக்கவைத்தார்கள். நூற்றுக்கு 87 பேர் செத்த இடத்தில், கடைசியில் சாவு சுமார் 25 ஆகக் குறைந்தது. மறு வருஷமே இப்சன் இதற்கென்று ஒரு தனி வார்டைத் திறந்தார். உலகத்தில் இன்று இருக்கும் ஐ.சி.யூ.க்களுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு.

கவனியுங்கள். முதல் ஐ.சி.யூ.வில் இருந்த முக்கியமான யந்திரம் மனிதனின் கைதான். ஷிப்டு முறையில் வந்த கை!

இதில் இன்னொரு வேடிக்கை. அதே தேசத்தில் லாரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆஸ்பத்திரிகளுக்குச் சிலிண்டர் வருவது தடைப்படும் நிலை. சிலிண்டர் இல்லாமலே தானாக உப்பிக்கொள்ளும் பை ஒன்று இருந்தால் நல்லதே என்று ஹென்னிங் ரூபன் என்ற டாக்டர் யோசித்தார். சைக்கிள் கம்பிகளை வளைத்து உள்ளே வைத்துச் செய்து பார்த்தார். ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற எஞ்சினீயரோடு சேர்ந்து 1956ல் அதைக் கொண்டுவந்தார். அதற்கு "ஆம்பு பை" என்று பேர் வந்தது. நம் ஆம்பூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆம்பூர் டேனரி ஒவ்வொன்றிலும் ஒரு ஆம்பு பை இருக்க வேண்டும் என்பேன் நான். இதோ, ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். பேசி முடித்ததும் காட்டுகிறேன்.

அப்புறம் கையின் வேலையைச் செய்ய வெண்டிலேட்டர் யந்திரம் வந்தது. நல்லதுதான். யந்திரத்தின் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் யந்திரம் வந்த பிறகு ஒரு மயக்கமும் கூடவே வந்தது: "அதிகமாகக் கொடுத்தால் அதிகமாகப் பிழைப்பான்" என்ற மயக்கம். பெரிய பெரிய மூச்சாகத் தள்ளினோம். 2000ல் அமெரிக்காவில் 861 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். புண்பட்ட நுரையீரலுக்குள் பெரிய மூச்சு தள்ளப்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேர் செத்தார்கள். பாதியளவு சின்ன மூச்சு பெற்றவர்களில் 31 பேர். நாங்கள் பிழைக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு நுரையீரலைக் கிழித்துக்கொண்டிருந்தோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தச் செய்தி வார்டில் வாசிக்கப்பட்ட நாளன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2013ல் பிரெஞ்சு டாக்டர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். மோசமான நிலையில் இருந்த 466 பேரில் ஒரு பாதியை நாளொன்றுக்குப் பதினாறு மணிநேரமாவது குப்புறப் படுக்கவைத்தார்கள். 28 நாளில் மற்றப் பாதியில் நூற்றுக்கு 33 பேர் சாக, குப்புறப் படுத்தவர்களில் 16 பேர்தான் செத்தார்கள். இதற்கு என்ன விலை உயர்ந்த மருந்து? ஒன்றுமில்லை. குழாய் கழன்றுவிடாமல், கண் நசுங்காமல், ஒரு கனத்த மனிதனைப் புரட்ட நான்கைந்து ஜோடிக் கைகள் வேண்டும். கொரோனா காலத்தில் நர்ஸ்களும் வார்டு சிப்பந்திகளும் வேர்வையில் குளித்த உடுப்போடு இதைத்தான் செய்தார்கள். கைதட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கைகளுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முன்பெல்லாம் வெண்டிலேட்டரில் இருப்பவனை மருந்து கொடுத்துத் தூங்கவைத்தே கிடத்துவோம். 2000ல் வந்த மற்றோர் ஆராய்ச்சி, தினமும் ஒரு தடவை அந்த மருந்தை நிறுத்தி விழிக்கவைத்தால் யந்திரத்தில் கிடக்கும் காலம் 7 நாளிலிருந்து 5 நாளாகக் குறைகிறது என்று காட்டியது. ஆனால் விழித்தவன் பயந்துபோய்க் குழாயைப் பிடுங்குவான். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து, "அப்பா, ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறீர்கள், உங்கள் மகன் வெளியே இருக்கிறான்" என்று கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். அப்படி ஒருத்தி இல்லாத வார்டில் என்ன செய்கிறார்கள்? கையைக் கட்டிலோடு கட்டிவிடுகிறார்கள். நானும் கட்டியிருக்கிறேன். மறைக்கவில்லை.

இனி விவசாயத் தொழிலாளர்களின் விஷயத்துக்கு வருகிறேன்.

வயலில் அடிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் என்று ஒரு வகை. தோல் வழியாகவும் ஏறும், மூச்சு வழியாகவும் ஏறும். 2017ல் மராட்டியத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து அடிக்கப் போன கூலிகள் இருபது பேருக்கு மேல் இப்படி மாண்டார்கள். மனம் நொந்த வேளையில் இதைக் குடித்துவிடுகிறவர்களும் நம் கிராமங்களில் உண்டு. அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பிழைத்துக் கண் விழித்தவர்களில் எத்தனையோ பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷக் கோபம் அக்கா" என்று அழுதிருக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் பக்கத்தில் உட்கார ஒரு மனிதர் வேண்டும். யாரும் இல்லையென்றால் 104க்குப் போன் செய்து பேசுங்கள்.

இந்த விஷம் எப்படிக் கொல்கிறது? நரம்பு தசைக்குக் கட்டளை கொடுத்த பிறகு அந்தக் கட்டளையை அழிக்கும் பொருள் ஒன்று உடம்பில் உண்டு. விஷம் அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாயில் நுரை, நெஞ்சு முழுக்கத் தண்ணீர், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நாடி விழும். ஒருவன் தன் சளியிலேயே மூழ்குகிறான். இதற்கு அட்ரோபின் என்ற மருந்து உண்டு. பழைய, மலிவான மருந்து. அதோடு பிராலிடாக்சைம் என்ற விலை கூடிய மருந்தையும் வருஷக்கணக்காகக் கொடுத்து வந்தார்கள். வெளியே அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்கள் கடை கடையாக ஓடுவார்கள்.

1990களில் நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்கள் இந்த மருந்தைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். எதிர்பார்த்த ஆதாயம் தெரியவில்லை. உலகம் காது கொடுக்கத் தாமதித்தது. 2009ல் இலங்கையில் 235 பேரிடம் செய்த சோதனை வெளிவந்தது. மருந்து பெற்ற 121 பேரில் 30 பேர் செத்தார்கள். வெறும் உப்புநீர் பெற்ற 114 பேரில் 18 பேர். புனே பக்கத்து பாராமதியில் நடந்த ஒரு சோதனை, நிறைய அளவில் விடாமல் கொடுத்தால் பலன் உண்டு என்று 2006ல் சொல்லியிருந்தது. டாக்டர்களுக்குள் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. வயிற்று விஷத்தை உறிஞ்சும் என்று நம்பிய கரித்தூளையும் இலங்கையில் 4,632 பேரிடம் சோதித்தார்கள். அதுவும் சாவைக் குறைக்கவில்லை.

பலன் தந்தது எது தெரியுமா? வங்க தேசத்துச் சிட்டகாங்கில், நம்மைப் போன்ற ஏழை நோயாளிகள் 156 பேரிடம் செய்த ஆராய்ச்சி 2012ல் வெளிவந்தது. மருந்து அதே அட்ரோபின்தான். கொடுக்கும் விதத்தை மாற்றினார்கள். பழைய முறையில் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரே அளவு ஊசி போடுவார்கள். புது முறையில் சில நிமிஷங்களுக்கு ஒரு தடவை நெஞ்சைக் கேட்டு, தண்ணீர்ச் சத்தம் குறையாவிட்டால் அளவை இரட்டித்து, மறுபடி கேட்டு, மறுபடி இரட்டித்து, நெஞ்சு தெளிந்ததும் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து கொடுத்தார்கள். பழைய முறையில் நூற்றுக்கு 22 பேர் செத்தார்கள். புது முறையில் 8 பேர்! அக்குள் காய்ந்ததா, நாடி எண்பதுக்கு மேல் வந்ததா, இரத்த அழுத்தம் ஏறிற்றா, நெஞ்சில் களகளப்பு நின்றதா என்று ஒருவர் அகலாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கும் கண்தான் அங்கே பாதி மருந்து.

அதோடு முடியவில்லை. 1987ல் நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற இரண்டு இலங்கை டாக்டர்கள் பத்து நோயாளிகளைக் கவனித்து ஒரு விஷயத்தை உலகுக்குச் சொன்னார்கள். விஷமுண்டவன் முதல் நாள் தேறிவிடுகிறான். பேசுகிறான், கஞ்சி கேட்கிறான். பிறகு, ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள், கழுத்தும் தோளும் தளர்ந்து, சத்தமில்லாமல் மூச்சுத் தசை சோர்ந்து நிற்கிறது. அந்தச் சமயத்தில் வெண்டிலேட்டரோ பையோ கிடைத்தால் நாட்கணக்கில் தாங்கி, தசை தானாகவே திரும்புகிறது. கிடைக்காவிட்டால் விடியும்போது உடம்பு குளிர்ந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க யந்திரம் வேண்டாம். சில மணிக்கு ஒரு தடவை படுக்கையருகே போய், "தலையணையிலிருந்து தலையைத் தூக்கு" என்று சொல்ல வேண்டும். தூக்க முடியாவிட்டால் மூச்சு நிற்கப் போகிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்லப்போவதில்லை. நான் வேலை செய்த இடங்களில் ஒன்று. இரவு ஷிப்டு. பதினொரு படுக்கைகள். நான் ஒருத்தி, கூடப் பயிற்சிப் பெண் ஒருத்தி. விஷ நோயாளிகள் இரண்டு பேர். ஒருத்தி, நெல்வயலில் மருந்து கலந்து கொடுத்த கூலிக்காரி, நாற்பது வயதிருக்கும். மற்றவன் கடைசிப் படுக்கையில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பையன். இரண்டு பேரும் மாலையில் நன்றாகப் பேசினார்கள். இரண்டு மணிக்கு அந்த அம்மாளிடம், "தலையைத் தூக்கு, தாயி" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தாள், தலை எழும்பவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் குழாய் போட்டோம். முக்கால் மணிநேரம் அவள் தலைமாட்டிலேயே நின்று பையை அமுக்கினேன். யந்திரம் வந்தது. ஆறு நாள் கழித்து அவள் நடந்து வீட்டுக்குப் போனாள்.

அந்த முக்கால் மணிநேரத்தில் கடைசிப் படுக்கைக்குப் போய், "தலையைத் தூக்கு, தம்பி" என்று கேட்க யாரும் இல்லை. பயிற்சிப் பெண்ணுக்கு அது தெரியாது. நான் சொல்லியும் கொடுக்கவில்லை. போய்ப் பார்த்தபோது உதடு நீலமாக இருந்தது. நெஞ்சைத் தட்டி எழுப்பினோம். இருதயம் திரும்பியது. மூளை திரும்பவில்லை. சாவுக் காரணம் என்று "விஷத்தின் கடுமை" என எழுதினார்கள். எழுதியது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அவனுடைய அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லாப் பாத்துக்கிட்டம்மா" என்றாள். அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் கீழே இறக்கிவைக்க முடியவில்லை.

பிற்பாடு ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். 2014ல் வெளிவந்தது. ஐரோப்பாவில் ஒன்பது தேசங்கள், 300 ஆஸ்பத்திரிகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலானால், நோயாளிகள் ஒரு மாதத்துக்குள் சாகும் வாய்ப்பு நூற்றுக்கு 7 பங்கு கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். பட்டம் படித்த நர்ஸ்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடினால் அதே 7 பங்கு குறைகிறது. அது சாதாரண வார்டின் கணக்கு. ஐ.சி.யூ.வில் வெண்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று நம் நாட்டுத் தீவிர சிகிச்சை டாக்டர்களின் சங்கமே சொல்லியிருக்கிறது. நமக்கு இது புதிதும் அல்ல. வேலூரில் 1909லேயே நர்ஸ் பள்ளி வந்துவிட்டது. 1946ல் பட்டப் படிப்பும் வந்தது. இந்தியாவில் நர்ஸுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்த முதல் இடங்களில் ஒன்று நம் பாலாற்றங்கரைதான். அறிவு இல்லாமல் இங்கே யாரும் சாகவில்லை, தோழர்களே.

ஆள் ஏன் இல்லை? 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் தரையில் உட்கார்ந்தார்களே, அவர்களுக்கு அன்றைய ஒப்பந்தச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்திலும், 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016ல் மத்திய சர்க்காரின் குழுவே சிபாரிசு செய்தது. கேரளத்தில் நர்ஸ்கள் போராடி அதைச் சட்டப்படி வாங்கினார்கள். இங்கே அந்தக் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறதோ! கொரோனாவில் குப்புறப் புரட்டிய கைகளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 2022 டிசம்பர் 31ந் தேதியோடு அந்தத் தற்காலிக நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலையை முடித்துவிட்டார்கள். தெருவில் இறங்கிய பிறகுதான் மாற்று வேலை பற்றிப் பேச்சு வந்தது.

நர்ஸ் கூலி கேட்டால், "சேவைக்கு வந்தவள் பணம் கேட்கிறாளே" என்று நம்மவர்களே சொல்வதுண்டு. ஆஸ்பத்திரி வாசலில் கொடி பிடித்து நிற்பவளைப் பார்த்தால் முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவள் தன் கூலிக்காக மட்டும் நிற்கவில்லை. கடைசிப் படுக்கைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றும் நிற்கிறாள்.

விஷத்தையே நிறுத்தினால்? இலங்கையில் செய்து காட்டினார்கள். 1995ல் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடுத்தார்கள். பின்னால் மேலும் சிலவற்றை. இருபது வருஷத்தில் தற்கொலைச் சாவு நூற்றுக்கு 70 பங்கு விழுந்தது. 93,000 உயிர்கள் மிஞ்சின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தத் தடைகளால் விளைச்சல் குறையவில்லை. நம் மாகாணத்திலும் 2023 தொடக்கத்தில் ஆறு பூச்சிமருந்துகளைத் தடுத்தார்கள். எவ்வளவு காலத்துக்கு? அறுபது நாள்! நிரந்தரமாகத் தடுக்க 1968ம் வருஷத்து மத்திய சட்டம் மாகாணத்துக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. நான் பார்த்த அத்தனை ஐ.சி.யூ.க்களும் சேர்ந்து காப்பாற்றாத உயிர்களை அந்தத் தீவில் ஓர் உத்தரவு காப்பாற்றியிருக்கிறது.

நேரமாகிறது. ஆஸ்பத்திரி வந்து சேருமுன் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

வயலில் ஒருவர் விழுந்தால் உடுப்பைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது கையில் சுற்றிக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் வாயில் ஊற்றி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மயங்கியவனுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டு வாருங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால் எங்களுக்குப் பாதி நேரம் மிச்சம். கட்டுவிரியன் கடிக்கும் இதே போல மூச்சு நிற்கும். மந்திரிக்கப் போகாதீர்கள்.

தொட்டியில் விழுந்தவனுக்காகத் தொட்டியில் குதிக்காதீர்கள். சொந்தத் தம்பியானாலும் குதிக்காதீர்கள். இது கல்மனசுப் பேச்சாக இருக்கும். ஆனால் இரண்டு பிணங்களை ஒரே வீட்டுக்கு அனுப்பிய நாட்கள் எனக்குத் தெரியும். மேலே இருந்து தூக்கக் கயிறும் இடுப்புப் பட்டையும், காற்றுச் சிலிண்டரும் முகமூடியும், வாயுவை அளக்கும் கருவியும் இல்லாமல் எவனும் இறங்கக் கூடாது என்று சங்கம் எழுதி வாங்கட்டும். மேலே கொண்டு வந்தவனுக்கு வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள். அந்த விஷம் உங்களுக்கும் ஏறும். அதற்குத்தான் இந்தப் பை. ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேராவது இதைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதோ பாருங்கள். தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, தாடையை மேலே தூக்கி, முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி வைக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே அழுத்த, மற்ற மூன்று விரலும் தாடை எலும்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். காற்று ஓரத்தில் கசியக் கூடாது. ஒரு வினாடி அமுக்கு, மார்பு எழுகிறதா பார், விட்டுவிடு. ஆறு வரை எண்ணி மறுபடி அமுக்கு. வேகமாக அமுக்காதே, அவசரப்பட்டால் காற்று வயிற்றுக்குப் போகும். சுலபம் என்று நினைப்பீர்கள். ஐந்து நிமிஷத்தில் விரல் மரத்துப் போகும். அப்போது அடுத்தவர் கைமாற்றிக்கொள்ள வேண்டும், ஒரு மூச்சும் தவறாமல்.

இந்தப் பொம்மையைக் கீழே விரிப்பில் வைக்கிறேன். ஷூ கம்பெனியிலிருந்து வந்திருக்கும் அந்தத் தங்கை முதலில் வரட்டும். மற்றவர்கள் சத்தமாக எண்ணுங்கள்.